காடு கண்ட கலைஞர் மா. கிருஷ்ணன்

அந்தி மயங்கும் வேளையில் புளியமரத்திலிருந்து ஆந்தை அலறினால் நாம் என்ன செய்கிறோம்? அபசகுனம் என்று அஞ்சிக் கதவை அடைக்கிறோம். இல்லையேல் கல்லெடுத்து எறிகிறோம். ஆனால் காட்டிலும் கொல்லையிலும் வாழும் இத்தகைய உயிர்களை வாழ்நாளெல்லாம் தேடிச் சென்று, பொறுமையுடன் பார்த்து, வரைந்து, படம்பிடித்து, எழுதி வைத்த பெரியார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலால் புகழ்பெற்ற அ. மாதவையாவின் எட்டு மக்களுள் இவரே கடைக்குட்டி. 1925ஆம் ஆண்டு தந்தையார் காலமானபோது இவருக்கு வயது பதின்மூன்று. அதன் பின் குடும்பப் பாரத்தைத் தாங்கியவர் மூத்த தமக்கையார். ஒரு பெண்ணின் பொறுப்புணர்ச்சி ஓர் அறிஞரை உருவாக்கியது என்பதை நாம் இங்கே பெருமையோடு நினைத்துப் பார்க்கலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் ஃபைசன் இவருக்கு ஆசானாக வாய்த்தார். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளைக் கண்ணால் கண்டு கற்றார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். பின்னர்ச் சட்டமும் படித்தார். ஆயினும் இவர் மனம் நீதிமன்றத்தை நாடவில்லை.

1942ஆம் ஆண்டு பல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணி ஏற்றார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கே வகித்தார். நம் புதுக்கோட்டையைப் போலவே சண்டூரும் ஒரு சிறு சமஸ்தானம். பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் அங்கும் உண்டு. அந்தக் குன்றுகளே அவருக்கு இரண்டாவது பல்கலைக்கழகம் ஆயின. 1949ஆம் ஆண்டு சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். அதன் பின் மாதச் சம்பளத்தை நாடாமல் எழுத்தையும் புகைப்படக் கலையையுமே நம்பி வாழத் துணிந்தார். அது எளிய முடிவன்று.

1950ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மறையும்வரை, 46 ஆண்டுகள் அதை எழுதினார். யானையையும் புலியையும் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் வரும் அணிலையும் காகத்தையும் ஆந்தையையும் அவர் மதித்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாக வெளிவந்துள்ளன.

வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென ஒரு பெரிய காமிராவை அமைத்துக்கொண்டு, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். நடந்தும் யானை மீது அமர்ந்தும் காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். அந்நாளில் ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் படம் விழுந்ததா என்று தெரியும். ஆகவே பொறுமையே முதல் கருவி. 1960ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1968இல் நேரு நினைவு ஆய்வு நல்கை பெற்று, தென்னாட்டுக் காட்டு விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார்.

தோழியரே! கிருஷ்ணன் கண்ட உலகம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. பாறை இடுக்கிலும் மேட்டு விளிம்பிலும் தங்குவது கொம்பன் ஆந்தையின் இயல்பு. கூடு கட்டாமல் வெறுந்தரையிலேயே அது முட்டையிடும். சின்னஞ்சிறு புள்ளி ஆந்தை மரப்பொந்தில் வாழும். பகலில் ஆந்தையைத் தேடுவோர்க்குச் சில அடையாளங்கள் உண்டு. பாறையின் கீழ் வெண்ணிற எச்சம் வழிந்திருக்கும். எலி மயிரும் எலும்பும் சேர்ந்த உருண்டைகள் கிடக்கும். ஆந்தை செரிக்காதவற்றை அவ்வாறு கக்கிவிடும். காகங்களும் சிறு பறவைகளும் ஒரு கிளையைச் சூழ்ந்து கூச்சலிட்டால், பெரும்பாலும் அங்கே ஓர் ஆந்தை அமர்ந்திருக்கும்.

அந்த உருண்டையை ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தால் நம் அச்சம் அகன்றுவிடும். அதிலுள்ள எலும்புகள் நம் நெல்லையும் கடலையையும் தின்ற எலிகளுடையவை. இதை அறிந்த உழவர்கள் வயலில் குறுக்குக் கட்டை வைத்த கழிகளை நட்டு, ஆந்தை வந்து அமர இடம் செய்கிறார்கள். நமக்கு உழைக்கும் பறவையையா நாம் கல்லால் அடிப்பது?

அடுத்த முறை சித்தன்னவாசலுக்கோ நார்த்தாமலைக்கோ சுற்றுலா செல்லும்போது சற்றே அமைதியாக நடப்போம். ஆந்தையைக் கண்டால் எட்ட நின்றே பார்ப்போம். முட்டையோ குஞ்சோ இருக்குமிடத்தை நெருங்க வேண்டாம். அருகே சென்றால் தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிடும். குஞ்சுகள் காகத்திற்கு இரையாகும். நல்ல படம் கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் நாளும் இடமும் குறித்து, கண்டதை நான்கு வரி எழுதுவோம். கிருஷ்ணனின் 46 ஆண்டுப் பணியும் அத்தகைய சிறு குறிப்புகளால் வளர்ந்ததே.

இன்று மாலை ஆந்தை அலறும்போது கதவை அடைக்காமல் திறந்து பார்ப்போமா?