குளிரின் எல்லையைத் தேடியவர்

நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஹைக்க காமர்லிங் ஓன்னஸ் பிறந்தார். அவருடைய தந்தை கூரை ஓடு செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். அறிவியலில் நாட்டம் கொண்ட ஓன்னஸ், ஜெர்மனிக்குச் சென்று புன்சன், கிர்க்காஃப் ஆகிய புகழ்பெற்ற அறிஞர்களிடம் பயின்றார். 1882ஆம் ஆண்டு லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 29.

வாயுக்களை மிகவும் குளிரச் செய்தால் அவை திரவமாக மாறும். ஆனால், எவ்வளவு குளிரச் செய்தாலும் -273 டிகிரி செல்சியஸுக்குக் கீழே செல்ல இயலாது. அந்த எல்லையை நெருங்கும்போது பொருள்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிய ஓன்னஸ் விரும்பினார். அதற்காகப் பெரிய குளிரூட்டும் பொறிகளைக் கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்.

1895ஆம் ஆண்டு எதிர்பாராத தடை ஒன்று வந்தது. ஆய்வுக்கூடத்தில் அழுத்தப்பட்ட வாயு நிரம்பிய உருளைகள் இருப்பதை அறிந்த நகர மக்கள் அஞ்சினர். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 1807ஆம் ஆண்டு லைடன் நகரின் நடுவே வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அந்த வெடிப்பில் அழிந்துபோன பகுதியில்தான் ஆய்வுக்கூடம் எழுப்பப்பட்டிருந்தது. இதனால் ஆய்வுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆய்வுக்கூடம் பாதுகாப்பானதா என்பதை ஆராய அறிஞர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இலண்டனில் இதே துறையில் ஓன்னஸுடன் போட்டியிட்டு வந்த ஜேம்ஸ் டூவர், அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1898ஆம் ஆண்டு ஆய்வைத் தொடர அனுமதி கிடைத்தது. ஆனால், அதே ஆண்டில் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கி முந்திக்கொண்டார். ஓன்னஸ் மனம் தளரவில்லை. கருவிகள் சிறப்பாக அமைந்தால்தான் ஆய்வும் சிறக்கும் என்று அவர் நம்பினார். 1901ஆம் ஆண்டு, கண்ணாடி ஊதுதல், உலோக வேலை முதலியவற்றை இளைஞர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நிறுவினார். அறிஞர்களும் கைவினைஞர்களும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக உழைத்தனர்.

எஞ்சியிருந்தது ஹீலியம் மட்டுமே. அந்த வாயு கிடைப்பதே அரிதாக இருந்தது. ஓன்னஸின் தம்பி, வணிகத் தொடர்புகளின் வழியாக மோனசைட் மணலைப் பெருமளவில் வரவழைத்துத் தந்தார். அம்மணலிலிருந்து ஹீலியம் பிரித்தெடுக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியற்காலையிலேயே வேலை தொடங்கியது. மாலை வந்தும் திரவம் எதுவும் தென்படவில்லை. சேர்த்து வைத்திருந்த திரவ ஹைட்ரஜனும் தீரும் நிலையில் இருந்தது. வெப்பநிலைமானி மட்டும் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. அது திரவத்தில் மூழ்கியிருக்கலாம் என்று, பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர் கூறினார். கண்ணாடிக் கலத்தின் கீழிருந்து விளக்கொளியைப் பாய்ச்சியதும் திரவ ஹீலியத்தின் மேற்பரப்பு தெளிவாகத் தெரிந்தது. அதன் வெப்பநிலை ஏறக்குறைய -269 டிகிரி செல்சியஸ்.

இந்தக் குளிரில் உலோகங்களின் மின்தடை என்னவாகும்? மின்னோட்டம் உறைந்து நின்றுவிடும் என்று சிலர் கருதினர். மின்தடை சிறிது சிறிதாகக் குறையும் என்று வேறு சிலர் எண்ணினர். ஓன்னஸும் அவருடைய குழுவினரும் 1911ஆம் ஆண்டு தூய பாதரசத்தைச் சோதித்தனர். யாரும் எதிர்பாராத வகையில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. மீக்கடத்தல் எனப்படும் பண்பு இவ்வாறு கண்டறியப்பட்டது. 1913ஆம் ஆண்டு ஓன்னஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மீக்கடத்திக் கம்பிகளால் ஆற்றல் மிகுந்த காந்தங்களை உருவாக்க அவர் கனவு கண்டார். ஆனால், வலுவான காந்தப்புலம் மீக்கடத்தலை அழித்துவிடுவதை அவரே கண்டறிந்தார். அக்கனவு நனவாகும் முன்பே, 1926ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் அமைத்த ஆய்வுக்கூடம் தொடர்ந்து இயங்கியது. 1930ஆம் ஆண்டு ஷுப்னிகோவ், டி ஹாஸ் ஆகிய இருவர் அங்கே புதுமையான ஒன்றைக் கண்டனர். கடுங்குளிரில் பிஸ்மத் உலோகத்தைச் சுற்றிக் காந்தப்புலத்தை உயர்த்தியபோது, அதன் மின்தடை அலைபோல ஏறி இறங்கியது. குவாண்டம் அலைவு எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்தால், உலோகத்தினுள் எலெக்ட்ரான்கள் இயங்கும் விதத்தை அறியலாம். 1986ஆம் ஆண்டு, முன்பைவிட உயர்ந்த வெப்பநிலையில் செயல்படும் மீக்கடத்திகள் கண்டறியப்பட்டன. அவ்வகைப் பொருள்களிலும் இதே அலைவு இருப்பது 2007ஆம் ஆண்டு தெரியவந்தது. அவை ஏன் மீக்கடத்திகளாகின்றன என்ற புதிரை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

ஓன்னஸ் விரும்பிய ஆற்றல்மிகு காந்தங்களும் பிற்காலத்தில் உருவாயின. மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படம்பிடிக்கும் காந்தப் பொறிகள் பலவற்றில் இன்று மீக்கடத்திக் கம்பிகளே உள்ளன. அவற்றைக் குளிர்விப்பது, ஓன்னஸ் அன்று விளக்கொளியில் முதன்முதலாகக் கண்ட அதே திரவ ஹீலியமே ஆகும்.