ஓகுஸ்ட் எஸ்கோஃபியே

ஜோர்ஜ் ஓகுஸ்ட் எஸ்கோஃபியே (அக்டோபர் 28, 1846 – பெப்ரவரி 12, 1935) பிரான்சு நாட்டைச் சேர்ந்த சமையல் கலைஞரும் சமையல் நூலாசிரியரும் ஆவார். சிறப்பு நாட்களில் குடும்பத்தோடு உயர்தரப் பிரெஞ்சு உணவகம் ஒன்றுக்குச் சென்று, உணவுப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரும் உணவுகளை உண்ணும் வழக்கம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றதில் இவருக்கும் விடுதி மேலாளர் செசார் ரிட்சுக்கும் பெரும் பங்கு உண்டு. இவரது புகழுக்குக் காரணம் புதிய உணவு வகைகள் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. ஆயினும் சமையலறையில் வேலை நடக்கும் முறையை இவர் மாற்றியதே நிலைத்து நின்ற பணியாகும்.

இளமை

எஸ்கோஃபியே தென்கிழக்குப் பிரான்சில் நீசு நகருக்கு அருகிலுள்ள வில்நெவ்-லூபே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர். சிற்பியாக வேண்டும் என்பது சிறுவனின் விருப்பமாக இருந்தது. எனினும் 1859ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் வயதில், நீசு நகரில் சிற்றப்பா நடத்திய உணவகத்தில் வேலை பழக அனுப்பப்பட்டார். அக்காலச் சமையலறைகள் வெப்பமும் புகையும் கூச்சலும் நிறைந்தவை. அடுப்பின் அனலைத் தாங்கச் சமையற்காரர்கள் வேலை நேரத்திலேயே மது அருந்துவர். இளையவர்களுக்கு அடி விழுவதும் இயல்பு. உயரம் குறைந்தவரான எஸ்கோஃபியே, அடுப்பின் அனல் முகத்தில் அடிக்காதிருக்கக் குதிகால் உயர்ந்த காலணிகளை அணிந்து வந்தார்.

1865இல் பாரிசு சென்று லெ பெட்டி மூலன் ரூஷ் என்னும் உணவகத்தில் சேர்ந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது படையின் சமையற்காரராக மெட்சு நகருக்கு அனுப்பப்பட்டார். நகரம் முற்றுகையிடப்பட்டது. உணவு அருகிப் போகவே குதிரை இறைச்சியைக் கொண்டு அதிகாரிகளுக்குச் சமைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் நகரம் சரணடைந்தபோது இவரும் போர்க் கைதியானார். தகரத்தில் அடைத்த உணவின் மீது இவருக்கிருந்த ஆர்வம் இம்முற்றுகையில்தான் தோன்றியது.

போருக்குப் பின் கான் நகரில் சொந்தமாக உணவகம் ஒன்றை நடத்தினார். டெல்ஃபீன் டாஃபி என்னும் கவிஞரை மணந்து மூன்று மக்களைப் பெற்றார். 1884இல் மொண்டி கார்லோவில் ரிட்சுடன் இணைந்து பணியாற்றத் தொடங்கினார்.

சவோய் விடுதி

1889இல் இலண்டனில் திறக்கப்பட்ட சவோய் விடுதி, மின்விளக்கும் மின்தூக்கியும் கொண்டதாயிருந்தும் தொடக்கத்தில் நட்டத்தில் நடந்தது. 1890இல் ரிட்சு மேலாளராகவும் எஸ்கோஃபியே தலைமைச் சமையற்காரராகவும் பொறுப்பேற்றனர்.

அதுவரை இலண்டனின் மேட்டுக்குடிப் பெண்கள் பொது இடத்தில் அமர்ந்து உண்பது தகாததாகக் கருதப்பட்டது. சவோய் உணவுக்கூடம் இதனை மாற்றியது. மாலைநேர உடை கட்டாயமாக்கப்பட்டது; ஆண் துணையின்றி வரும் பெண்களுக்கு அனுமதி இல்லை. இன்று பிற்போக்காகத் தோன்றும் இவ்விதியே அன்று குடும்பப் பெண்கள் தயக்கமின்றி உள்ளே வரக் காரணமாயிற்று. நாடகமோ ஓப்பெராவோ பார்த்துவிட்டு இரவு உணவுக்குச் செல்வது நாகரிகமானது. பாடகி நெல்லி மெல்பாவுக்காக 1890களில் பீச் பழத்தையும் வனிலா பனிக்கூழையும் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவையின் மீது வைத்துப் பரிமாறினார் எஸ்கோஃபியே. ராஸ்பெரிச் சாறு பின்னர் சேர்க்கப்பட்டு, பீச் மெல்பா என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது. தவளை என்றாலே முகம் சுளிக்கும் ஆங்கிலேயர்களுக்கு, வைகறைத் தேவதைகளின் தொடைகள் என்று பெயர் சூட்டித் தவளைக் காலை உண்ணக் கொடுத்தார் என்பர்.

சமையலறை அமைப்பு

முன்பு ஒரு சமையற்காரரே ஓர் உணவைத் தொடக்கம் முதல் முடிவு வரை சமைப்பார். எஸ்கோஃபியே படைப்பிரிவின் ஒழுங்கைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். சாஸ், வறுவல், மீன், காய்கறி, இனிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவும் அதற்கொரு தலைவரும் அமைக்கப்பட்டனர். மையர்பீர் முட்டை என்னும் உணவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முட்டை, சுட்ட ஆட்டுச் சிறுநீரகம், ட்ரஃபிள் காளான் சாஸ் ஆகியவை சேர்ந்த இதனை ஒருவரே செய்தால் ஏறக்குறைய கால் மணி நேரமாகும். மூன்று பிரிவினர் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றைச் செய்து ஒரு தட்டில் சேர்த்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உணவு சூடாக மேசைக்கு வந்தது. வாடிக்கையாளர் கேட்டதை எழுதும் சீட்டில் மூன்று படிகள் எடுக்கப்பட்டு, சமையலறைக்கும் பரிமாறுபவருக்கும் காசாளருக்கும் ஒவ்வொன்று சென்றது.

பல உணவுகளை மேசையில் ஒருசேரப் பரப்பி வைக்கும் பழைய பிரெஞ்சு முறைக்கு மாறாக, ஒன்று முடிந்தபின் அடுத்ததைக் கொண்டுவரும் உருசிய முறை பரவலாக இவரது பணி உதவியது. நம் வாழையிலை விருந்தில் இரண்டும் கலந்திருப்பதைக் காணலாம்: கறியும் கூட்டும் ஒன்றாக இலையில் இருக்கும், சாம்பாரும் இரசமும் மோரும் வரிசையாக வரும்.

சமையலறையில் மதுவையும் புகைப்பதையும் திட்டுவதையும் இவர் தடை செய்தார். மதுவுக்கு மாற்றாக, மருத்துவர் ஒருவரைக் கொண்டு வாற்கோதுமைப் பானம் ஒன்றை உருவாக்கிப் பணியாளர்களுக்கு வழங்கினார். விருந்துகளில் எஞ்சிய உணவை முதியோரைப் பேணும் கன்னியர் சபைக்கு அனுப்பினார். 1910இல் வறுமை ஒழிப்புக்கான திட்டம் ஒன்றை எழுதி வெளியிட்டார்.

பணிநீக்கம்

1898 மார்ச்சில் ரிட்சு, எஸ்கோஃபியே, உணவுக்கூட மேலாளர் எஷெனார் ஆகிய மூவரையும் சவோய் நிர்வாகம் ஒரே நாளில் வெளியேற்றியது. சமையற்காரர்கள் சிலர் வெளியேற மறுத்துக் கத்தியுடன் எதிர்த்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. 3,400 பவுண்டுக்கு மேற்பட்ட மதுவகைகளுக்குக் கணக்கு இல்லை என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பொருள் வழங்கும் வணிகர்களிடம் தரகு பெற்றதை 1900 சனவரியில் எஸ்கோஃபியே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். 8,000 பவுண்டு கடப்பாடு கூறப்பட்டபோதும், தம்மிடமிருந்த 500 பவுண்டையே செலுத்தினார். சமையற்காரர்கள் வணிகரிடம் தரகு பெறுவது அக்காலத்தில் பரவலாக இருந்தது உண்மையே. ஆனால் வணிகர்கள் அத்தொகையை ஈடுகட்டப் பொருளைக் குறைத்து அனுப்பியதால் இதனைச் சிறு தவறாகக் கொள்ள முடியாது. இரு தரப்பும் செய்தியை மறைத்துவிட்டதால், இவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பின்னர், 1980களில்தான் ஆவணங்கள் வெளிவந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளில் இப்பகுதி சரியாக இராது.

பிற்காலம்

1898 சூனில் பாரிசில் ரிட்சு விடுதியும், அடுத்த ஆண்டில் இலண்டனில் கார்ல்ட்டன் விடுதியின் உணவகமும் இவரது சமையலுடன் தொடங்கின. சவோய் வாடிக்கையாளர்கள் பலர் இவர்களைப் பின்தொடர்ந்தனர். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அரசரின் நோயால் தள்ளிவைக்கப்பட்டபோது, விருந்துகளுக்கான ஏற்பாடுகள் அனைத்தும் வீணாகி ரிட்சு மனமுடைந்து நோயுற்றார். எஸ்கோஃபியே தொடர்ந்து கார்ல்ட்டனை நடத்தினார். பின்னாளில் வியட்நாம் தலைவரான ஹோ சி மின் இங்கு வேலை செய்ததாகக் கூறப்படுகிறது. அவ்விடத்திலுள்ள நியூசிலாந்து மாளிகையில் இதற்கான நினைவுப் பலகை உள்ளது. இதே காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் தாஞ்செலிஸ் விடுதி இத்தகைய ஐரோப்பிய விருந்துகளை நடத்தி வந்தது.

1903இல் ஃபிலேயாஸ் ஷில்பேர், எமில் ஃபெத்து ஆகியோருடன் இணைந்து எழுதிய லெ கிட் குலினேர் வெளியானது. ஏறக்குறைய 5,000 சமையல் குறிப்புகள் கொண்ட இந்நூல் தொழில்முறைச் சமையற்காரர்களுக்கானது. வீட்டுச் சமையலுக்கு 1934இல் மா குவிசின் என்னும் நூலை எழுதினார்.

இலண்டனில் இவர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தபோது மனைவியும் மக்களும் பெரும்பாலும் மொண்டி கார்லோவிலேயே இருந்தனர். மகன் டானியல் 1914இல் முதல் உலகப்போரில் கொல்லப்பட்டார். 1919இல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருது பெற்ற எஸ்கோஃபியே, 1920இல் ஓய்வு பெற்று மொண்டி கார்லோ திரும்பினார். 1935 பெப்ரவரியில் மனைவி இறந்த சில நாட்களில் இவரும் காலமானார். உடல் வில்நெவ்-லூபேயில் அடக்கம் செய்யப்பட்டது. இவர் பிறந்த வீடு 1966 முதல் சமையற்கலை அருங்காட்சியகமாக உள்ளது.