ஏழையின் தட்டைப் பார்த்த மருத்துவர்

நோயாளியின் நாடியைப் பார்த்த மருத்துவர்கள் பலர். அவரது சாப்பாட்டுத் தட்டையும் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தவர் ஜோசப் கோல்ட்பெர்கர்.

இவர் 1874ஆம் ஆண்டு, இன்று ஸ்லோவாக்கியா எனப்படும் நாட்டில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். நியூயார்க் நகரில் தந்தை சிறிய மளிகைக் கடை நடத்தினார். மகன் ஊக்கத்துடன் பயின்று மருத்துவரானார். 1899இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பெல்லாக்ரா என்னும் நோய் வாட்டியது. கைகளிலும் கழுத்திலும் தோல் சிவந்து வெடிக்கும், வயிற்றுப்போக்கு உண்டாகும், மனம் பேதலிக்கும், பலருக்கு உயிரே போய்விடும். இது தொற்றுநோய் என்றே பலர் நம்பினர். 1914இல் இதனை ஆராயும் பொறுப்பு கோல்ட்பெர்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. மனநோய் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு இந்நோய் கண்டது. அவர்களைத் தொட்டுப் பணி செய்த ஊழியர்களுக்கோ வரவில்லை. தொற்றுநோயானால் ஊழியரை மட்டும் விட்டுவிடுமா? வேறுபாடு உணவிலேயே இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பருப்பு வகைகள் கொடுக்கச் செய்தார். நோய் அகன்றது.

அப்போதும் பலர் நம்பவில்லை. 1916இல் அவரும் நண்பர்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டனர். அவருடைய மனைவி மேரியும் அஞ்சாமல் முன்வந்தார். ஒருவருக்கும் நோய் வரவில்லை.

நல்ல உணவே மருந்து என்றால், மக்கள் அதை ஏன் உண்ணவில்லை? அறியாமையா, சோம்பலா? விடை காண, சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளாதார அறிஞருடன் தென் கரோலினா மாநிலத்தின் ஏழு ஆலைக் கிராமங்களுக்குச் சென்றார். குடும்பந்தோறும் வருவாயையும் வாங்கிய உணவுப் பொருள்களையும் கணக்கெடுத்தனர். வருவாய் குறையக் குறைய நோய் கூடியது. மக்காச்சோள மாவும் பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகுமே ஏழைகளின் உணவு. குறைந்த காசில் வயிற்றை நிரப்புபவை அவைதாம். பாலும் இறைச்சியும் எட்டாக்கனிகள். குத்தகை உழவர்களோ வீட்டு வாசல் வரை பருத்தி பயிரிட்டனர். காய்கறித் தோட்டத்துக்கு இடம் ஏது?

1921இல் பருத்தி விலை வீழ்ந்தபோது, நோய் பெருகும் என்று அரசு எச்சரித்தது. தங்கள் பகுதிக்கு இழிவு வந்ததாகத் தென்பகுதித் தலைவர்கள் சினந்தனர். கோல்ட்பெர்கர் தளரவில்லை. விலை மலிவான ஈஸ்ட் இந்நோயைப் போக்கும் எனக் கண்டறிந்தார். 1927 வெள்ளத்தின்போது செஞ்சிலுவைச் சங்கம் அதை மக்களுக்கு வழங்கியது.

1929இல் அவர் புற்றுநோயால் மறைந்தார். உணவில் குறைந்திருந்த சத்து நியாசின் என்னும் வைட்டமினே என்பது 1937இல் தெளிவாயிற்று.

அன்புத் தோழியரே! நோய்க்கு மருந்து தரலாம். குறைந்த கூலிக்கு மருந்துக்கடையில் மருந்தில்லை. ஆகவே, பிறர் உண்ணும் உணவைக் குறை கூறுமுன், அவர் கையில் உள்ள காசு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போமாக!