திருகுப் புரிக்கு ஒழுங்கு தந்த சர் ஜோசப் விட்வேர்த்

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்கள் எம்மில் பலர். அங்கிருந்த பழைய பிரித்தானிய இயந்திரங்களின் ஆணிகளில் ஓடிய புரி, ஒருவரின் பெயரைத் தாங்கியது.

ஜோசப் விட்வேர்த் 1803இல் இங்கிலாந்தின் ஸ்டொக்போர்ட்டில் பிறந்தார். சிறு வயதில் தாயை இழந்தார். தந்தையும் மத ஊழியத்துக்குப் போய்விட, பிறர் பொறுப்பில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே உறவினரின் பருத்தி ஆலையில் வேலைக்கு நின்றார். இலண்டனில் மோட்ஸ்லியின் பட்டறையில் தொழில் பழகி, 1833இல் மன்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அக்காலத்தில் பட்டறைக்கு ஒரு புரி. ஓரிடத்து ஆணியில் மற்றோரிடத்துச் சுரை ஏறாது. பல பட்டறைகளின் ஆணிகளைச் சேர்த்து அளந்து, சராசரி கண்டு, 1841இல் பொது அளவொன்றை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை; அரை அங்குல ஆணியில் அங்குலத்துக்கு 12 புரி, ஓர் அங்குல ஆணியில் 8.

நுட்பமாக அளக்க முடியாவிட்டால் அட்டவணை வெறும் காகிதம்தானே. 1851 இலண்டன் கண்காட்சியில் அவர் வைத்த இயந்திரம் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை உணர்த்தியது. அங்குலத்துக்கு 20 புரியுள்ள திருகு, 200 பற்களுள்ள சக்கரம், 250 கோடிட்ட கைச்சக்கரம். பெருக்கிப் பாருங்கள், எங்கள் கணக்கு ரீச்சருக்குப் பிடித்த கணக்கு இது. கண்ணை விட்டுத் தொடுகையை நம்பினார்: இடையில் பிடிபட்டிருக்கும் மெல்லிய தகடு, ஒரு கோடு தளர்த்தியதும் விழுந்துவிடும்.

பீரங்கியும் செய்தவர்தான், அதை மறைக்கமாட்டோம். எமக்குப் பெரிதாகப்படுவது, ஏட்டறிவோடு கைவேலையும் தெரிந்த இளைஞருக்கென 1868இல் அவர் நிறுவிய, ஆண்டுக்கு 100 பவுண் வீதமான 30 புலமைப்பரிசில்களே.

1887 ஜனவரி 22இல் மொன்டே கார்லோவில் காலமானார். புதிய இயந்திரங்கள் மில்லிமீற்றரில் வருகின்றன. பழைய ரோலரைக் கழற்ற அவர் அளவு ஸ்பேனரே வேண்டும்.