அம்மாவின் நெஞ்செரிவும் பேராசிரியர் பிபிலேயும்

ஓமந்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கிறது. அம்மாவின் குளிசைகள் எல்லாம் அதற்குள்தான். 2009 இல் காலில் ஏறிய செல் சன்னம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. நோவுக் குளிசை போடாமல் அவவுக்கு நித்திரை வராது. நோவுக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் நெஞ்செரிவுக்கும் ஒரு குளிசை.

போன மாதம் ரின்னைத் துப்புரவாக்கும்போது இரண்டு அட்டைகளைக் கண்டேன். ஒன்று தனியார் வைத்தியர் ஒருவர் எழுதியது. மற்றது வேறொரு கிளினிக்கில் கொடுத்தது. பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் திருப்பினால், சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே சொல்: ஒமிபிரசோல். அம்மா மாதக்கணக்காக ஒரே மருந்தை இரண்டு மடங்கு விழுங்கி வந்திருக்கிறா. காசும் இரண்டு மடங்கு.

அந்தச் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே.

1920 இல் ஊவாவின் பிபிலே குடும்பத்தில் பிறந்தவர் அவர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கொழும்பு மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1945 இல் வைத்தியரானார். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1958 இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். வசதியான குடும்பத்தில் வந்தவர் என்றாலும் லங்கா சமசமாஜக் கட்சியின் இடதுசாரி அரசியலையே தேர்ந்துகொண்டார்.

வைத்தியசாலைகளில் அவர் கண்ட சிக்கல் எங்கள் பிஸ்கட் ரின்னில் இருந்த அதே சிக்கல்தான். ஒரே மருந்து பல கம்பனிகளின் பெயர்களில், பல விலைகளில் வந்தது. வைத்தியர்கள் கம்பனிப் பெயரை எழுதினார்கள். நோயாளி பெயருக்கும் சேர்த்துக் காசு கட்டினார். 1959 இல் அரச வைத்தியசாலைகளுக்கு அவசியமான மருந்துகளைப் பொதுப்பெயரில் பட்டியலிடும் கைநூலை உருவாக்கியதில் பிபிலே முன்னின்றார்.

1971 இல் கம்யூனிஸ்ட் கட்சியின் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை அரசுக்குக் கொடுத்தார். அதே ஆண்டு அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே. நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, தரம் பார்த்து, மலிவான இடத்தில் வாங்கினார்கள். பெரிய கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. அரசியல் காற்று மாறியதும் 1976 இல் அவர் அந்தப் பதவியில் இல்லாமல் போனார். பிறகு ஐக்கிய நாடுகள் சபைக்காக மற்ற ஏழை நாடுகளுக்கு இதே வழியைச் சொல்லிக்கொடுக்கப் போனார். 1977 செப்டெம்பர் 29 இல், 57 வயதில், கயானாவில் இறந்தார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

பிபிலே ஒமிபிரசோலைக் கண்டதேயில்லை. அது 1988 இல்தான் சந்தைக்கு வந்தது. அவர் சொன்ன வழியோ இன்றைக்கும் அந்தக் குளிசைக்குப் பொருந்துகிறது.

அவரை எங்கள் ஆளாகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. மருந்து எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்று அவர் பாடுபட்ட இதே நாட்டில்தான் யுத்த காலத்தில் வன்னிக்குப் போன மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டன. எங்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றிச் சோதிக்கப்பட்ட லொறிகளை ஊரில் யாரும் மறக்கவில்லை. 2015 இல் அந்தச் சாவடி எடுபட்டது. அதே ஆண்டில்தான் பிபிலேயின் கொள்கையை அடியொற்றித் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் வந்தது. இப்போது மருந்து வருகிறது. என்ன மருந்து என்பதுதான் எங்கள் சனத்துக்குத் தெரிவதில்லை.

இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அம்மாவை அரச வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒன்றை நிறுத்தினார். நோவுக் குளிசை எடுக்கும்வரை மற்றது தேவை, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடவேண்டும் என்றார். வருடக்கணக்காகத் தேவையில்லாமல் எடுத்தால் உடம்பில் பி12 உயிர்ச்சத்தும் மக்னீசியமும் குறையலாம். நீண்ட நாள் எடுத்தவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னரைவிடக் கூடுதலாகச் சுரந்து எரிவு திரும்பும். அதனால் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரைக் கேட்டுத்தான்.

காசில்லாத வைத்தியமும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை அளவாக, படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்னரே முடிப்பது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்துவது. புகையிலை போட்ட வெற்றிலையை விடுவது. இஞ்சித் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் சிலருக்குச் சுகம் தரும், ஆனால் புண்ணை ஆற்றாது. அப்பச்சோடாவை அடிக்கடி கரைத்துக் குடிப்பது பிரஷர் உள்ளவர்களுக்குக் கூடாது. மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்தம் வாந்தியெடுத்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நிற்கவேண்டாம். எரிவு கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் அது இருதயமாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

பிஸ்கட் ரின் மூடியில் இப்போது ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். அம்மாவின் மருந்துகள் எல்லாம் பொதுப்பெயரில், தமிழில், பெரிய எழுத்தில். புதுத் துண்டு எழுத வைத்தியர் பேனையைத் தூக்கினால், அம்மா முதலில் அந்த மூடியைத்தான் நீட்டுகிறா.