மன்றோ துரையும் தருமபுரித் தோட்டமும்

திருப்பாற்கடலில் எம்பெருமான் பள்ளிகொண்டருளுவதை வெறும் உறக்கம் என்று எவரும் கருதார். உலகைக் காக்கும் உபாயத்தைத் திருவுள்ளத்தில் எண்ணியருளும் யோக நித்திரை அது என்பர் பெரியோர். ஓயாது உழைக்கும் மாந்தர்க்கும் விச்ராந்தியும் சிந்தனையும் இன்றியமையாதன. இதற்குத் தருமபுரியில் வாழ்ந்த சர் தாமஸ் மன்றோவின் சரித்திரம் தக்க சான்றாகும்.

1761-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்த மன்றோ, 1780-இல் கம்பெனியின் படைவீரராகச் சென்னை வந்து சேர்ந்தார். ஹைதர் அலியுடனும் திப்பு சுல்தானுடனும் நிகழ்ந்த யுத்தங்களில் பங்கு கொண்டார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை கம்பெனியார் வசமாயிற்று. அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடு துரைக்கு உதவியாளராக மன்றோ 1799 வரை பணிபுரிந்தார்.

அப்பணி எளிதன்று. குதிரையேறிக் கிராமம் கிராமமாகச் செல்லவேண்டும், கூடாரத்தில் தங்கவேண்டும், நிலங்களை அளந்து தீர்வை விதிக்கவேண்டும், குடியானவர்களின் வழக்குகளை நாள்தோறும் கேட்கவேண்டும். இத்தனைக்கும் இடையே அவர் தருமபுரியில் ஒரு தோட்டம் அமைத்தார். ஊரில் இருக்கும் நாட்களில் அங்கே செடிகொடிகளைப் பேணியும் தனிமையில் உலாவியும் பொழுது கழிப்பது அவருக்குப் பேரானந்தமாயிருந்தது. பின்னர்க் கன்னட நாட்டுக்கு மாற்றப்பட்டபோது பாராமகாலைப் பிரிந்ததை எண்ணி அவர் பெரிதும் ஏங்கினார்.

தீர்வையை வசூலிப்பவனுக்குக் கணக்கு மட்டுமே கண்ணில் படும். சற்றே விலகி நின்று சிந்திப்பவனுக்கு அக்கணக்கின் பின்னுள்ள குடியானவனின் முகமும் தெரியும். 1800 முதல் பெல்லாரி, கடப்பைப் பிரதேசங்களை நிர்வகித்த மன்றோ, தாம் விதித்த தீர்வையே மிகை என்று உணர்ந்து, அதில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்குமாறு 1807-இல் பரிந்துரைத்தார். மேலிடம் அன்று அதற்கு இசையவில்லை. 1820-இல் சென்னைக் கவர்னரான பின் அதனை அவரே நிறைவேற்றினார். இந்தியரை உயர் பதவிகளில் அமர்த்தவேண்டும் என்றும், தம்மைத் தாமே ஆளும் தகுதியை அவர்கள் அடையச் செய்வதே ஆட்சியின் நோக்கமாதல் வேண்டும் என்றும் 1824 டிசம்பர் 31-இல் எழுதிய குறிப்பில் வற்புறுத்தினார். அந்நிய ஆட்சியின் அதிகாரி ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு எண்ணியது வியத்தற்குரியது.

திருமலையில் ஸ்ரீவேங்கடமுடையானுக்கு நைவேத்தியம் சமர்ப்பிக்கும் மன்றோ கங்காளம் இவர் பெயரால் வழங்குவது என்பர்.

பதவியினின்று விடுபட்டுத் தாய்நாடு திரும்ப அவர் விரும்பினார். அடுத்த கவர்னர் வருவதற்குத் தாமதமாயிற்று. தாம் முன்பு ஆண்ட சீமையின் மக்களைக் கடைசி முறையாகக் காணப் புறப்பட்டவர், 1827 ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் காலமானார். பின்னால் பெறலாம் என்று ஒத்திவைத்த ஓய்வு அவருக்குக் கிட்டவேயில்லை. நாள்தோறும் தோட்டத்தில் தேடிக்கொண்ட சிறுபொழுதே அவருடையதாயிற்று. தருமபுரியில் நிற்கும் நினைவுத்தூண் இதனையும் நமக்கு நினைவூட்டுகிறது.

வீதிபுறப்பாட்டில் பெருமாளும் மண்டபந்தோறும் எழுந்தருளி இளைப்பாறுகிறார். உற்சவத்திற்கு வந்துள்ள பக்தகோடிகளும் இல்லக் கவலை, தொழிற் கவலைகளைச் சற்றே இறக்கிவைத்து, சந்நிதியில் அமைதியாக அமர்ந்து தம் வாழ்வைச் சிந்திப்பார்களாக. அதுவும் ஓர் ஆராதனமே.