எஸ். ஜி. கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) தமிழகத்தின் புகழ்பெற்ற நாடக நடிகரும் பாடகரும் ஆவார். இவரது இயற்பெயர் இராமகிருஷ்ணன்.

வாழ்க்கைக் குறிப்பு

அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் (தற்போது தென்காசி மாவட்டம்) கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் இணையருக்குப் பிறந்தார். சிறுவயதிலேயே சகோதரர்களுடன் நாடக மேடை ஏறினார். இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளுடன் இணைந்து நடித்தார். 1927 இல் அவரை மணந்தார். அண்ணன் காசி ஐயர் இவருக்கு ஆர்மோனியம் வாசித்தார்.

குரலும் இசைத்தட்டுகளும்

ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில் உச்ச சுருதியில் பாடிப் புகழ் பெற்றவர் கிட்டப்பா. விடியும்வரை நடைபெறும் நாடகங்களில் இராகத்தை விரித்துப் பாட நேரம் இருந்தது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கமோ ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். ஆதலால் ஆலாபனையைச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. பாடல் நேரடியாக மெழுகுத் தட்டில் பதிவானதால் பிழையை வெட்டி ஒட்டித் திருத்த இயலாது. மிக உயர்ந்த அதிர்வெண்களை அக்காலக் கருவிகள் முழுமையாகப் பதியாததால் குரலின் நுண்மை ஓரளவு மங்கியது.

தட்டு சுழலும் வேகமும் முக்கியமானது. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை உயர்ந்து கேட்கும். எனவே கணினிக்கு மாற்றப்பட்ட பதிவுகளை மட்டும் கொண்டு அவரது சுருதியை உறுதி செய்தல் பொருந்தாது.

மறைவு

கிட்டப்பா தமது 27 ஆம் அகவையில் காலமானார். அவர் பாடியதை இன்று கேட்க இவ்விசைத்தட்டுகளே துணை.